மூடியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

அத்தியாயம் 6

"பல்பு மாத்தவே ஆள் கூப்பிடுற மனுஷன்க்கா வெங்கட்ராமன் சார்," என்றான் ஜெகதீஷ். "அவரு போயி ஸ்டீல் சுவத்துல ஸ்கேல் வச்ச மாதிரி சதுரமா ஓட்டை போட்டு, அதுக்கு ஒரு மூடியும் செஞ்சு மாட்டினாராம். கவர்மென்ட் ரிப்போர்ட் சொல்லுது. நம்பிருவோம்."

நிரூபா காரைக் கிரான்பர்ன் சாலையிலிருந்து வில்லேஜுக்குள் திருப்பினாள். வியாழக்கிழமை, மணி பத்தேகால். இன்று மாலை ஐந்து மணிக்குள் மறுப்பு போய்ச் சேராவிட்டால் அந்த ரிப்போர்ட் உறுதியாகிவிடும்.

நிரூபா பதினைந்து வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த வீடுகளையும் நனைந்த கார்ப்பெட்டுகளையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். பாதி நேரம் பொய் சொல்வது கம்பெனிதான் என்று கண்டுபிடித்த பிறகு அங்கே அவளுக்கு வேலை இருக்கவில்லை. டண்டினொங் புறநகரில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ஜெகதீஷ் திண்டுக்கல்லிலிருந்து மேல்படிப்புக்கு வந்து, டாக்ஸி ஓட்டி, வாயை மூடத் தெரியாத ஒரே காரணத்தால் மூன்று வேலைகளை இழந்து அவளிடம் வந்து சேர்ந்தவன். இங்கேயும் வாயை மூடவில்லை. ஆனால் அவன் கண்ணுக்குத் தப்புவது குறைவு என்பதால் நிரூபா பொறுத்துக்கொண்டாள்.

வில்லேஜ் என்றால் வயதானவர்களுக்கான குடியிருப்பு. வீடுகள் எல்லாம் தொழிற்சாலையில் செய்து, இரண்டு துண்டாக லாரியில் கொண்டுவந்து, இங்கே பொருத்தியவை. வீடு நமக்குச் சொந்தம், அது நிற்கும் தரை வாடகை. இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் தரையைக் கையில் வைத்திருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

முப்பத்தியிரண்டாம் நம்பர் வீட்டு வாசலில் விமலா நின்றிருந்தாள். அறுபத்து நான்கு வயது. ஐந்து வாரத்துக்கு முன் கணவர் வெங்கட்ராமனை உள்ளேயிருந்து தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் அந்தப் படி ஏறவில்லை. சிநேகிதி கலா வீட்டில்தான் இருக்கிறாள்.

"நீங்க போங்கம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

"அன்ரி, நீங்கள் இல்லாமல் எனக்கு விளங்காது. ஒருக்கா வாங்கோ," என்றாள் நிரூபா.

விமலா வந்தாள். வாசல் நிலையைத் தொட்டு ஒரு நிமிடம் நின்றாள்.

நடந்தது இவ்வளவுதான். மே மாதக் குளிர் காலை; இங்கே அதுதான் குளிர்காலத் தொடக்கம். விமலா வெங்காய சாம்பாருக்கு மிளகாய் தாளித்திருக்கிறாள். தாளிக்கும் வாசம் பக்கத்து வீட்டு டோரீனுக்கு ஆகாது; ஏற்கனவே வில்லேஜ் ஆபீஸில் புகார் போய்க் கடிதமும் வந்திருக்கிறது. அதனால் ஜன்னல் எல்லாம் சாத்தி, அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போட்டு, வாசம் போகட்டும் என்று அதை ஓடவிட்டுவிட்டு, கலாவுடன் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் வெங்கட்ராமன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். ஃபேன் காற்றை வெளியே இழுக்க, உள்ளே காற்று வர வேறு வழி இல்லாமல், ஹீட்டரின் புகைக்குழாய் வழியே மேலே போக வேண்டிய வாயு கீழே இறங்கிவிட்டது. வாசம் இல்லாத விஷம். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

"சுவத்துல காத்து வர ஒரு வழி இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு விசாரிக்க வந்த ஆபீசர் சொன்னார்," என்றாள் விமலா. "வழி இருந்துதும்மா. அதுமேலதான் நான் காலண்டர் மாட்டி வச்சிருந்தேன். போலீஸ்கிட்டயும் நானே சொல்லிட்டேன், நான்தான் மூடினேன்னு."

"காலண்டரைச் சொன்னீங்க. அவங்க மூடின்னு எழுதிக்கிட்டாங்க," என்றான் ஜெகதீஷ்.

ரிப்போர்ட்டின் நாலாம் பக்கம் நிரூபாவுக்கு மனப்பாடம். அனுமதித்த வரைபடத்தில் அந்த இடத்தில் துளையே இல்லை. ஆகவே துளையும் அதன் மேல் அடித்த தகடும் குடியிருப்பவர் செய்த மாற்றம். குடியிருப்பவர் செய்த மாற்றம் என்ற அந்த மூன்று சொல்லில் தொழிற்சாலை, வில்லேஜ், அரசாங்கம் மூன்றும் கைகழுவிவிட்டன. விமலா மட்டும் மிச்சம்.

"எனக்கு இன்சூரன்ஸ் எல்லாம் வேணாம்மா. என் பொண்ணு தேஜூ என்கூடப் பேசணும். அந்த ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு, 'அப்பாவை நீதான் மூடி வச்சுட்டம்மா'ன்னு சொன்னா. அதுக்கப்புறம் போன் எடுக்கல." விமலா அழவில்லை. அழுது தீர்ந்த முகம் அது. "நான்தான்னா நான்தான்னு சொல்லிருங்க. தாங்கிப்பேன். தெரியாம இருக்கிறதுதான் முடியல."

நிரூபா ஒரு நாற்காலியில் ஏறி, ஹீட்டருக்கு எதிர்ச் சுவரில் உயரத்தில் இருந்த நாள்காட்டியைக் கழற்றினாள். அதற்குப் பின்னால் சுவரின் அதே வெள்ளை நிறத்தில், இரண்டு கை அகலத்துக்கு ஒரு தகடு. நான்கு மூலையிலும் ரிவெட். ஸ்க்ரூ அல்ல, ஒருதரம் அடித்தால் டிரில் வைத்துத் துளைத்துத்தான் எடுக்க முடியும்.

தகட்டின் நடுவில் காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

"இது என்ன அன்ரி?"

"கிரகப்பிரவேசத்தன்னிக்கு வச்சது. கதவு, ஜன்னல், அடுப்பு எல்லாத்துக்கும் வச்சோம். இவர்தான் வச்சார்."

ஜெகதீஷ் ஏற்கனவே வெளியே போய்விட்டிருந்தான். ஒரு நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே அவன் தலை தெரிந்தது.

"அக்கா, வாசல் பக்கத்துல வீட்டு நம்பர், செஞ்ச தேதி எல்லாம் போட்டு ஒரு சின்னத் தகடு இருக்குல்ல? அதுல நாலு ரிவெட். அதே சைஸ், அதே தலை. வெங்கட்ராமன் சார் ரிவெட் கன் வச்சிருந்தார்னா சரி, இல்லேன்னா ரெண்டையும் அடிச்சது ஒரே கை."

"அவர்கிட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கு," என்றாள் விமலா. "அதை வச்சு பெயின்ட் டப்பா திறப்பார்."

"ரிவெட்டை வச்சு அவை வாதாடுவினம். ஆரையும் கூப்பிட்டு அடிப்பிச்சிருக்கலாம் எண்டு சொல்லுவினம்," என்றாள் நிரூபா. "எனக்குத் தேதி வேணும். பால் காய்ச்சின அண்டைக்குப் படம் எடுத்தனீங்களோ?"

ஜெகதீஷ் சிரித்தான். "என்னக்கா கேள்வி இது? நம்மாளு வீட்டு விசேஷத்துல சாட்சிக்கு என்ன பஞ்சம்? சாம்பார் வாளியையே எட்டுப் பேர் படம் எடுத்திருப்பாங்க."

அந்த விசேஷத்துக்கென்றே கலா தொடங்கிய வாட்ஸப் குழு விமலாவின் போனில் இருந்தது. நூற்றி நாற்பத்து மூன்று படங்கள், ஒன்பது வீடியோக்கள். ஆறாவது வீடியோவில் வெங்கட்ராமன் வந்தார்.

சரிகை வேட்டி, கையில் சந்தனக் கிண்ணம், ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து விமலாவின் குரல்: "அதுக்கும் வைங்க. அது காத்து வர்ற வழின்னு விக்கும்போது சொன்னாங்க." வெங்கட்ராமன் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "இதுல எங்கேடி காத்து வருது? சரி, வர்றப்ப வரட்டும்," என்று பொட்டு வைத்தார். நாற்காலியைப் பிடித்திருந்தவர் தகட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நொடியில் சமையலறைப் பக்கமிருந்து "பால் பொங்கிருச்சு" என்று ஒரே கூச்சல். எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

விமலா போனைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் இல்லாத அழுகை அப்போதுதான் வந்தது.

"பால் காய்ச்சின அண்டைக்கே தகடு இருந்திருக்கு," என்றாள் நிரூபா மெதுவாக. "நீங்கள் மூடேல்லை அன்ரி. மூடினதுக்கு மேலதான் காலண்டரை மாட்டினனீங்கள்."

பிறகு வீடியோவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டாள். "இந்தக் கண்ணாடி போட்டவர் ஆர்?"

"அருந்தவன். உங்க ஊர்க்காரர்தான். கோயில்ல இவருக்கு சிநேகிதம். மத்தியானம் நடை சாத்தின பிறகும் ரெண்டு பேரும் வெளியே பெஞ்ச்ல உக்காந்து பேசிட்டே இருப்பாங்க. ஏதோ அரசாங்க ஆபீஸ்ல வேலை. இவர் போனதுக்கு அப்புறம் ஒருதரம்கூட வரல. காரியத்துக்கும் வரல." விமலா முந்தானையால் முகம் துடைத்தாள். "அவருக்கும் தாங்கலையோ என்னமோ."

நிரூபா அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. அவசரத்தில் செய்யும் தவறு இது. அவளும் செய்தாள்.

---

வீட்டைச் செய்த தொழிற்சாலை டண்டினொங்குக்குத் தெற்கே, கிடங்குகளுக்கு நடுவே இருந்தது. முன்வாசல் வழியாகப் போனால் வக்கீல் பெயரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிரூபா பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்து நிற்கும் இடத்துக்குப் போனாள். பசித்தவன் வாய் திறந்துதான் இருக்கும் என்பது அவள் பதினைந்து வருட அனுபவம்.

"அங்க பாருங்கக்கா," என்றான் ஜெகதீஷ். "மஞ்சச் சட்டை, வண்டியில ஒண்ணும் வாங்காம சொந்த டிஃபன் பாக்ஸைத் திறக்குறாரு. மீன் குழம்பு வாசம் இங்க வரைக்கும் அடிக்குது. நம்ம சாட்சி."

சாட்சியின் பெயர் கபிலன். வவுனியாவில் பிறந்து, பதினோரு வருடமாக இங்கே சுவர் செய்யும் பகுதியில் வேலை. நிரூபா தகட்டின் படத்தைக் காட்டியதும் டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

"எந்த வீடு?"

"முப்பத்திரெண்டு. ஒருத்தர் செத்துப் போனார்."

"கேள்விப்பட்டனான்." அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எங்கட வீடு எண்டு தெரியாது."

"அந்தத் தகட்டை ஆர் அடிச்சது?"

"நான்தான்."

ஜெகதீஷ் நிரூபாவைப் பார்த்தான். இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு முடிந்து அவன் பார்த்ததில்லை.

"ஓனர் சொன்னாரா?" என்றான். "காசை மிச்சம் பிடிக்கவா?"

"இல்லைத் தம்பி. அந்த மனுசன் பாவம்." கபிலன் கையைத் துடைத்துக்கொண்டார். "வீடுகளுக்குப் புதுப் பாதுகாப்பு விதி வரப்போகுது எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவை. கேஸ் ஹீட்டர் இருக்கிற வீட்டில சுவரில காத்து வழி கட்டாயம் வேணும் எண்டு. முதல் ரெண்டாயிரத்து இருபத்தொண்டு ஜூலை ஒண்டு எண்டவை. பிறகு இருபத்துமூண்டு ஜூலை ஒண்டு. இந்த முறை நிச்சயம் எண்டு சொல்ல, நாங்கள் மே மாசமே புது விதிக்கு ஏத்த மாதிரி சுவரை வெட்டத் தொடங்கீட்டம். நாப்பத்தொரு வீடு. ஜூன் கடைசியில கடிதம் வருது, திரும்பவும் ஒத்திவைச்சாச்சு, திகதி பிறகு அறிவிப்பம் எண்டு."

"அப்ப ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகுது. காத்துதானே?"

"நாங்களும் அதைத்தான் கேட்டனாங்கள். ஓனர் எழுதிக் கேட்டார். ஓட்டை இருக்கிறது நல்லதுதானே, விடட்டோ எண்டு. அதுக்கு ஒரு பதில் வந்தது. ரெண்டு வருசமா நோட்டீஸ் போர்டிலயே கிடக்கு. வாங்கோ, காட்டுறன்."

பிறகு என்ன நினைத்தாரோ, அவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போய் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அரசு முத்திரை இருந்த கடிதம். நிரூபா மனதுக்குள் தமிழில் படித்தாள். புதிய விதி நடைமுறைக்கு வரும்வரை பழைய வரைபடமே செல்லும். அந்த வரைபடத்தில் காட்டாத எந்தத் துளையுடனும் வீடு விற்பனைக்கு அனுமதி பெறாது. வெட்டிய துளைகளை நிரந்தரமாக மூடவும்.

"அடேங்கப்பா," என்றான் ஜெகதீஷ். "காத்தைக் கட்டாயம் ஆக்கப் போறோம், அதுவரைக்கும் காத்து சட்டவிரோதம்."

கபிலன் சிரிக்கவில்லை. "நாலு ரிவெட் அக்கா. ஒரு வீட்டுக்கு ரெண்டு நிமிசம். நாப்பத்தொண்டையும் ஒரே நாளில அடிச்சு முடிச்சனான். நல்ல வேலை செய்தாய் எண்டு பீட்சா வாங்கித் தந்தவை."

நிரூபா கடிதத்தின் அடிக்குப் போனாள். கையெழுத்து. அதன் கீழே தட்டச்சில் பெயர்.

ஏ. அருந்தவன், மூத்த தொழில்நுட்ப அதிகாரி.

நாற்காலியைப் பிடித்திருந்த கையும் இந்தக் கையெழுத்தைப் போட்ட கையும் ஒன்று.

---

அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தபோது மரியாதையான குரல் ஒன்று, அருந்தவன் ஐந்து வாரமாக விடுப்பில் இருப்பதாகச் சொன்னது. ஐந்து வாரம் என்றால் எந்த நாளிலிருந்து என்று நிரூபா கணக்குப் போடத் தேவையில்லை.

"வில்லன் வேணும்னு ஆசைப்பட்டேன்," என்றான் ஜெகதீஷ் காரில். "ஆனா இவரு ஏன்க்கா மூடச் சொல்லிட்டு, அந்த வீட்டுக்கே போயி பாயசமும் குடிச்சிருக்காரு?"

"கேப்பம்."

"எங்க போயி?"

"வெங்கட்ராமன் இருந்த பெஞ்சில ஓராளுக்கு இடம் காலியா இருக்கும்."

கேரம் டவுன்ஸ் கோயிலில் நடை சாத்தியிருந்தது. மணி இரண்டே முக்கால். கார் பார்க்கில் இரண்டே கார்கள். கோபுரத்தைப் பார்த்த பெஞ்சில், ஒரு ஓரமாக, பக்கத்தில் ஓராளுக்கு இடம் விட்டு அருந்தவன் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

நிரூபா அந்தக் காலி இடத்தில் உட்காரவில்லை. முன்னால் நின்று போனில் இருந்த கடிதத்தைக் காட்டினாள்.

அவர் மறுக்கவில்லை. "என்ர கையெழுத்துத்தான்," என்றார். "அந்த ஓட்டையை முதல் வரைஞ்சதும் நான்தான். உங்களுக்கு அது தெரியாது."

"சொல்லுங்கோ."

"புது விதியை எழுதினதே நான். ஆறு வருசம். மூண்டு மந்திரி மாறீட்டினம். ஒவ்வொருத்தரும் வந்து, திரும்பவும் பொதுமக்களிட்ட கருத்துக் கேளுங்கோ எண்டு சொல்லுவினம். கேப்பன். கட்டுறவை விலை கூடும் எண்டுவினம், வாங்கிறவை கருத்தே சொல்லமாட்டினம். ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அது வராத வரைக்கும் பழைய விதிதான் விதி. பழைய விதிப்படி மூடத்தானே வேணும்? நான் பிழையா ஒண்டும் எழுதேல்லை."

"உங்களை ஆரும் பிழை எண்டு சொல்லேல்லை," என்றாள் நிரூபா. "பால் காய்ச்சின அண்டைக்கு என்ன சொல்ல வாயைத் திறந்தனீங்கள்?"

அவர் நிமிர்ந்தார். அவள் வீடியோவைப் போடவில்லை. போனைக் கையில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வெங்கட் தகட்டைத் தட்டினவர். அப்பதான் கண்டனான். நாப்பத்தொண்டில ஒண்டு இது எண்டு. 'வெங்கட், இதைக் கழட்ட வேணும், இல்லாட்டி ஹீட்டரைப் போடாதையுங்கோ' எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான்." அவர் குரல் இறங்கியது. "பால் பொங்கீட்டுது. எல்லாரும் சந்தோசமா நிக்கினம். பால் பொங்கிற நேரத்தில, புது வீட்டில, சாவு வரும் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அபசகுனமா ஒரு சொல்லு என்ர வாயால வரக்கூடாது எண்டு நினைச்சன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுவம் எண்டு விட்டன்."

ஜெகதீஷ் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"ரெண்டு நாள் கழிச்சு, அடுத்த கிழமை எண்டு நினைச்சன். பிறகு தை பிறக்கட்டும் எண்டு. ஆறு மாசம் போனாப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? ஏன் அண்டைக்கே சொல்லேல்லை எண்டு கேப்பாரே. இந்த பெஞ்சில ஒவ்வொரு கிழமையும் அவரோட இருந்தனான். ஒண்டரை வருசம். இந்த ஜூலையில விதி வந்திடும், வந்தா எல்லா வீட்டையும் நாங்களே போய்த் திறப்பம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தனான்." அவர் காலி இடத்தைப் பார்த்தார். "மந்திரி ஒத்திவைச்சார் எண்டு நான் கோவிக்கிறன். நானும் அதைத்தான் செய்தனான்."

நிரூபாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை முழுவதுமாக இவர் மேல் வைக்க முடியாததுதான் அவளுக்கு இன்னும் கோபம். இந்த நாட்டில் அவள் போன எத்தனை வீட்டு விசேஷத்தில் எத்தனை விஷயங்களை நல்ல நேரம் என்று விழுங்கியிருக்கிறாள்.

"ரிப்போர்ட் பாத்தனீங்களோ?" என்றாள்.

"பாத்தனான். எழுதினது வேற ஆள். வரைபடத்தை மட்டும் பாத்து எழுதியிருக்கிறார். வரைபடத்தில ஓட்டை இல்லை, அப்ப வீட்டுக்காரர் வெட்டினதுதான் எண்டு. அவருக்கு இந்தக் கடிதம் இருக்கிறதே தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"புருசனைத் தான்தான் சாகடிச்சுப்போட்டன் எண்டு அந்த மனுசி ஐஞ்சு கிழமையா நினைச்சுக்கொண்டிருக்கு. மகளும் அப்பிடித்தான் நினைக்குது. நீங்கள் இங்க இருந்து கோபுரத்தைப் பாக்கிறீங்கள்." நிரூபா மணியைப் பார்த்தாள். "மூண்டு மணி. ஐஞ்சு மணிக்கு அந்தப் பொய் உண்மையாகீடும்."

"எழுதினா என்ர வேலை போயிடும்."

"ஓம், போகும்," என்றாள் நிரூபா. அவள் அதை மென்மையாக்கிச் சொல்லவில்லை.

காற்று குளிராக அடித்தது. அருந்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு போனை எடுத்தார். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நடுவில் இரண்டு முறை நிறுத்தினார். ஜெகதீஷ் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். மூன்று ஐம்பதுக்கு அவர் போனை நிரூபாவிடம் நீட்டினார். துளை வெட்டியது தொழிற்சாலை, மூடச் சொன்னது அலுவலகம், உத்தரவில் கையெழுத்திட்டது நான், குடியிருப்பவருக்கு இதில் பங்கு இல்லை. நாற்பத்தொரு வீடுகளின் எண்களும் கீழே இருந்தன. பதினொன்று விமலா இருந்த அதே வில்லேஜில்.

நிரூபா வீடியோவை அதோடு சேர்த்தாள். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

"விமலா அக்காவுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கோ," என்றார்.

"அதை நான் சொல்லமாட்டன்," என்றாள் நிரூபா. "நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. இண்டைக்கே. நல்ல நேரம் பாக்காதையுங்கோ."

---

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நாலாம் பக்கம் திரும்பப் பெறப்பட்டது. குடியிருப்பவர் மேல் தவறு இல்லை. மற்ற நாற்பது வீடுகள் பற்றி? அது குறித்து ஒரு குழு அமைத்து, கருத்துக் கேட்டு, உரிய காலத்தில் முடிவெடுக்கப்படும். அதுவரை தகடுகளைக் குடியிருப்பவர்கள் தொடக்கூடாது.

"உரிய காலம்னா ஜூலை ஒண்ணு," என்றான் ஜெகதீஷ். "எந்த வருஷம்னு மட்டும் கேக்காதீங்க."

அன்று காலை பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே. விமலா அந்தப் பதிலைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். முந்தின நாள் மாலை அருந்தவன் வந்து கலா வீட்டு வாசலில் நின்றதைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிட்டாள் என்று மட்டும் கலா சொன்னாள்.

"மத்த பத்து வீட்லயும் ஹீட்டர் ஓடிட்டுதானே இருக்கும்?" என்றாள் விமலா.

"ஓம் அன்ரி."

"அந்த ரிவெட்டை எப்படி எடுக்கிறது?"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் முப்பத்திமூன்றாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினாள். சாம்பார் வாசத்துக்குப் புகார் எழுதிய டோரீன் கதவைத் திறந்தாள். எண்பது வயது, ஆடும் கை, பின்னால் சிவப்பாக எரியும் ஹீட்டர். விமலா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். என் கணவர் இப்படித்தான் இறந்தார், உங்கள் சுவரிலும் அது இருக்கிறது, என்னை உள்ளே விடுங்கள். டோரீன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள். ஹீட்டரையும் அணைத்தாள்.

டிரில்லைக் கபிலன் கொண்டுவந்திருந்தார். அவரே நான் செய்கிறேன் என்றார். விமலா தரவில்லை, எப்படிப் பிடிப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வில்லேஜ் மேனேஜர் தன் கோல்ஃப் வண்டியில் பறந்து வந்தார். இது சட்டப்படி தவறு, உத்தரவு வந்திருக்கிறது, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது தெரியுமா என்று வாசலில் நின்று கத்தினார்.

"தெரியும் சார்," என்றான் ஜெகதீஷ் ஆங்கிலத்தில். "குடியிருப்பவர் செய்த மாற்றம். ரிப்போர்ட்ல பொய்யா எழுதினாங்க. இப்ப உண்மையாவே நடக்குது, வேணும்னா படம் எடுத்துக்குங்க."

விமலா நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள். முழங்கால் வலியோடு ஒரு காலை வைத்து ஏறினாள். நாற்காலி ஆடியது. பின்னாலிருந்து யாரோ அதன் முதுகைப் பிடித்து நிறுத்தினார்கள். கபிலன் என்று நினைத்துத் திரும்பாமல் "நன்றிப்பா" என்றாள்.

"நான்தாம்மா," என்றாள் தேஜஸ்வினி.

விமலா திரும்பினாள். மகள் முகம் வீங்கியிருந்தது. கலா அனுப்பிய வீடியோவை இரவெல்லாம் பார்த்திருக்க வேண்டும்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றாள் விமலா.

"பிடிச்சிருக்கேன்மா. நீ பண்ணு."

நாலாவது ரிவெட்டும் உடைந்தது. தகடு சாய்ந்தது. தேஜஸ்வினி ஒரு கையால் அதை வாங்கிக் கீழே வைத்தாள். சுவரின் இருட்டுத் துளை வழியாக ஜூன் மாதக் குளிர் காற்று உள்ளே வந்தது. டோரீன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிர்கிறது என்றாள்.

"குளிரட்டும்," என்றாள் விமலா. நாற்காலியிலிருந்து இறங்கி, அடுத்த வீட்டு நம்பர் என்ன என்று கேட்டாள்.